பெயரற்றோர் நகரம்

பழைய விளையாட்டொன்றை மீண்டும் ஆடிப் பார்ப்பது, பள்ளிப் பருவத்தில் வாழ்ந்த தெருவுக்குத் திரும்பிச் செல்வதைப் போன்றது. அன்று காணாத பல, இன்று கண்ணில் படும்.

'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: வைஸ் சிட்டி' என்னும் கணினி விளையாட்டு 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்காவின் மயாமி நகரை மாதிரியாகக் கொண்ட அதன் கதை, 1986ஆம் ஆண்டில் நிகழ்வதாகப் புனையப்பட்டது. இந்திய நகரங்களின் இணைய மையங்களில் அக்கால இளைஞர் பலர் அதனை ஆடினர். 2021இல் அது புதுப்பொலிவுடன் மீண்டும் வந்தது, கைப்பேசியிலும் கிடைக்கிறது. அன்று ஆடிய இளைஞர் இன்று பெற்றோராகி மீண்டும் ஆடுகின்றனர். அவர்களின் தோளுக்குப் பின்னால் பிள்ளைகள் நின்று பார்க்கின்றனர். ஐரோப்பாவில் 18 வயது நிரம்பியோர்க்கு மட்டும் உரியதென வகைப்படுத்தப்பட்ட விளையாட்டு அது என்பதை அவ்வேளையில் எண்ணிப் பார்ப்போர் சிலரே.

அவ்விளையாட்டின் கவர்ச்சியை மறுப்பதற்கில்லை. கடற்கரை நகரமொன்று முழுவதும் ஆடுவோர்முன் விரிகிறது. அங்கே வாடகைக் கார் ஓட்டலாம். ஆம்புலன்ஸில் நோயாளிகளை ஏற்றிச் செல்லலாம். ஆயினும் கதை முன்னேற வேண்டுமெனில் குற்றமே வழி. காவலர் துரத்தினால், காருக்கு வேறு வண்ணம் பூசிக்கொண்டு தப்பிவிடலாம். இதனை ஆடுவோர் அனைவரும் குற்றவாளிகளாகிவிடுவர் என்று அஞ்சுவது மிகையாகும். வண்ணம் பூசினால் குற்றம் மறையாது என்பதைச் சிறு பிள்ளையும் அறியும்.

எளிதில் புலப்படாத தீங்கு வேறொன்று உண்டு. அந்நகரின் தெருக்களில் நடப்போர்க்குப் பெயர் இல்லை, வீடு இல்லை, அவர்களுக்காக அழுவார் இல்லை. பிழைப்புத் தேடிவந்த ஹெய்டி நாட்டு மக்களோ பெரும்பாலும் குற்றக் கும்பலாகவே காட்டப்படுகின்றனர். உண்மை வரலாறு வேறு. அடிமைத்தளையை உடைத்து 1804இல் விடுதலை பெற்ற நாடு ஹெய்டி. பிற்காலத்தில் கொடுங்கோலாட்சிக்கும் வறுமைக்கும் தப்பி, அந்நாட்டவர் பலர் படகுகளில் புளோரிடாவை அடைந்தனர். அந்தக் கொடுங்கோலாட்சி வீழ்ந்ததும் விளையாட்டின் கதை நிகழும் அதே 1986இல்தான். விளையாட்டில் இவற்றுக்கெல்லாம் இடமில்லை.

அம்மக்கள் வாளாவிருக்கவில்லை. தம்மினத்தாரைக் கொல்லத் தூண்டும் உரையாடலை எதிர்த்து 2003இல் அமெரிக்காவில் போராடினர். அதன் விளைவாக, இனி வெளிவரும் பிரதிகளில் அவ்வரிகளை நீக்க நிறுவனம் இசைந்தது.

இச்செய்தி திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தொலைவானதன்று. சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமப்பவர், பூக்கட்டி விற்பவர், தையற்காரர் எனத் தமிழர் பலர் இந்நகரில் உழைத்து வாழ்கின்றனர். அவர்களுக்குத் தனித்தனிப் பெயரும் ஊரும் கதையும் உண்டு. எனினும் 'பாண்டி' என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அவர்களை அடக்கிவிடும் வழக்கமும் இங்கு உண்டு. அச்சொல்லின் வலியை உணர்ந்த ஒரு பிள்ளை, ஹெய்டி நாட்டவரைக் குறிபார்த்துச் சுடும்போது ஒரு கணமேனும் தயங்க வேண்டும். அவ்வாறே, வடநாட்டிலிருந்து வந்து இங்குக் கட்டட வேலை செய்வோரை 'பாய்' என்று மட்டும் அழைத்துக் கடந்து செல்லும்போதும் தயங்க வேண்டும்.

ஆகவே, உரிய வயது வரும்வரை இவ்விளையாட்டுக்காகக் காத்திருப்பதில் இழப்பொன்றும் இல்லை. மீண்டும் ஆடும் பெற்றோர், "இதில் பெயரின்றி விழுபவர் யார்?" என்று தம் பிள்ளைகளிடம் பேசத் தயங்கலாகாது. அவ்வினாவை எழுப்பக் கற்ற பிள்ளைக்கு, திரையில் காணும் நகரமும் தான் வாழும் நகரமும் வேறு வேறென்பது நன்கு விளங்கும்.