மஞ்சள் பைக்கு யாரு பில் கட்டுறது?

ட்ரிப்ஸ் முடிஞ்சதும் கழற்றுற ட்யூப் எங்க போகுதுன்னு யோசிச்சிருக்கீங்களா?

போகவேண்டியது சிவப்புப் பைக்கு. நீராவியில் கிருமி நீக்கி, துண்டு துண்டாக்கி, மறுசுழற்சிக்கு அனுப்புவாங்க. அவசரத்துல மஞ்சள் பையில விழுந்தா நேரா எரிஉலைதான். பி.வி.சி. ட்யூபில் குளோரின் இருக்கு. எரிச்சா டையாக்சின் வரும், அது புற்றுநோய்க் காரணி.

எங்க பக்கத்து ஆஸ்பத்திரிக் கழிவு சேர்ற ஆலை, காரியாபட்டி தாண்டி அ.முக்குளம் பக்கம் இருக்கு. சுத்துப்பட்டு கிராமத்து மக்கள் அதை எதிர்த்துப் போராடுறாங்க. ஆலையை மட்டும் திட்டிட்டு டாக்டருங்க நாங்க நழுவ முடியாது. பையைக் கட்டுனது எங்க வார்டுல.

2016 விதிகள் நிறம் நிறமா பிரிக்கச் சொல்லுது, பார்கோடு ஒட்டச் சொல்லுது. ஆனா கட்டணம் பெரும்பாலும் படுக்கைக் கணக்கு. ஒழுங்கா பிரிக்கிற ஆஸ்பத்திரிக்கும் அள்ளிப் போடுற ஆஸ்பத்திரிக்கும் ஒரே பில். எந்த நிர்வாகம் மெனக்கெடும்? இத்தனைக்கும் மருத்துவக் கழிவில் சுமார் 85% அபாயமில்லாத சாதாரணக் குப்பைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

சரி, எடைக்கு மட்டும் காசுன்னா? ராத்திரியோட ராத்திரியா கண்மாய்ல கொட்டிடுவாங்க. 2024 டிசம்பர்ல கேரள மருத்துவக் கழிவு திருநெல்வேலியில கிடந்ததும், பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டு கேரளா திரும்ப அள்ளிட்டுப் போனதும் ஞாபகம் இருக்கும்.

அதனால படுக்கைக் கட்டணம் அப்படியே இருக்கட்டும். மஞ்சள் பை எடை குறைஞ்சா அதுல தள்ளுபடி கொடுங்க. அரசு ஆஸ்பத்திரியில அந்த மிச்சம் தூய்மைப் பணியாளர்களோட கெட்டியான கையுறைக்கும் பூட்ஸுக்கும் போகட்டும். கையில ஊசி குத்துறது அவங்களுக்குத்தானே. கூடவே, தள்ளுபடிக்காக ரத்தம் பட்ட பஞ்சை சாதாரணக் குப்பையில போடுறாங்களான்னு சொல்லாம வந்து தொட்டியைத் திறந்து பார்க்க ஆள் வேணும்.