கோபுரம் நிற்கிறது, சந்தை எங்கே?

பழைய கட்டடங்களைப் பற்றி எழுதுவோரிடம் ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். கல்லின் நிறம், கட்டியவர் பெயர், பாணி எல்லாவற்றையும் சொல்வார்கள். அக்கட்டடம் எந்தத் தொழிலுக்காக எழுந்ததோ அதைப் பற்றி ஒரு வரி இராது. வேல்ஸின் தென்கிழக்கு எல்லையில் உள்ள அபர்கவென்னி நகரத்தின் சந்தை மண்டபமும், அதனோடு ஒட்டிய 'பரோ' நாடக அரங்கும் இவ்வழக்கத்துக்கு நெடுநாளாக இரையாகி வருகின்றன. "கோபுரம் நிற்கிறது, அரங்கில் நாடகம் நடக்கிறது, பிறகு எதற்குப் புலம்பல்?" என்று கேட்போருக்கு எங்கள் மறுப்பு இது.

இன்று அங்கே நிற்பது அதே இடத்தில் எழுந்த மூன்றாவது கட்டடம். இதற்கு முந்தையது, பிற்காலத்தில் பிரைட்டன் அரண்மனையை மாற்றியமைத்துப் புகழ்பெற்ற ஜான் நாஷ் 1790களில் வடிவமைத்தது. அதையும் இடித்துவிட்டு, பாத் நகரத்து வில்சன்–வில்காக்ஸ் என்ற கட்டடக் கலைஞர்கள் வரைந்த கோதிக் பாணிக் கட்டடம் 1871இல் நிறைவுற்றது. முன்புறம் நகர மண்டபம், அதன் மாடியில் இன்று நாடக அரங்காக இருக்கும் பெருங்கூடம், பின்னே நீண்ட சந்தைக் கூடம், எல்லாவற்றுக்கும் மேலே பச்சை படர்ந்த செப்புக் கூரையுடன் கடிகாரக் கோபுரம். கடிகாரத்தை வழங்கியவர் இரும்பாலை அதிபர் கிராஷே பெய்லி. இந்தப் பெய்லி குடும்பம்தான் நாந்திகிலோவில், தங்கள் தொழிலாளர்களே எதிர்த்து எழுந்தால் ஒளிந்துகொள்ள வட்டக் கோட்டைகள் கட்டிவைத்தது. கூலிக்காரனுக்கு அஞ்சிக் கோட்டை கட்டிய கை, விவசாயிக்கு நேரம் காட்டக் கடிகாரமும் கொடுத்தது என்பதை வழிகாட்டிப் பிரசுரங்கள் சேர்த்துச் சொல்வதில்லை. நாங்கள் சொல்லிவைக்கிறோம்.

வெண்ணெயும் முட்டையும் விற்கும் இடத்தை ஒட்டியே நாடகம் நடப்பது சிலருக்கு நகைப்பூட்டக்கூடும். கலைக்குத் தனிக் கோயில் வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அந்த ஊரின் இலக்கிய வரலாறோ இக்கொள்கையை ஏற்பதாக இல்லை. வெல்ஷ் மொழிக்காக 1833இல் அங்கே தோன்றிய கும்ரெய்கித்யோன் சங்கம், 1834 முதல் 1853 வரை பத்து ஐஸ்டெத்வோட் விழாக்களை நடத்தியது. கவிதைக்கும் இசைக்கும் கட்டுரைக்கும் போட்டி வைத்துப் பரிசளிக்கும் விழாக்கள் அவை. 1838 விழாவுக்குப் பிரித்தானி நாட்டிலிருந்து வில்மார்கே வந்தார். அடுத்த ஆண்டு அவருடைய பிரெத்தோன் நாட்டுப்பாடல் தொகுப்பு வெளியானது. 1848 விழாவில் பரிசு வென்ற கட்டுரையே வெல்ஷ் இலக்கியத்துக்கு முறையான விமர்சன வரலாறு ஒன்றைத் தந்தது. அதன் ஆசிரியர் தாமஸ் ஸ்டீபன்ஸ் பேராசிரியர் அல்லர். மெர்தர் டிட்வில் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தவர். கடைக்காரன் எழுதிய இலக்கிய வரலாறு என்று எவரும் அதை ஒதுக்கவில்லை.

அபர்கவென்னிக்கு வடக்கே சில மைல் தொலைவிலுள்ள பாண்டி என்ற சிற்றூரில்தான் 1921இல் ரேமண்ட் வில்லியம்ஸ் பிறந்தார். ரயில்வே சிக்னல்காரரின் மகன். இந்நகரத்துப் பள்ளியில் படித்தவர். பண்பாடு சாமானியமானது, அன்றாட வாழ்விலிருந்து பிரிக்கவொண்ணாதது என்று 1958இல் அவர் வாதிட்டபோது, வானத்திலிருந்து பறித்துவந்த கோட்பாட்டை அவர் பேசவில்லை. அவரை மேற்கோள் காட்டாத பண்பாட்டுக் கருத்தரங்கம் அரிது. அதே கனவான்கள் ஒரு மாட்டுச் சந்தை மூடப்பட்டபோது வாய் திறக்காமல் இருந்ததுதான் விந்தை.

ஏனெனில் மண்டபத்தின் கதை மண்டபத்தோடு முடிவதில்லை. தெருவில் ஆடு விற்பதைத் தடுக்க 1825இல் காசில் தெருவில் ஒரு தொட்டி அமைத்தார்கள். 1863இலிருந்து கால்நடைச் சந்தை வேறோர் இடத்தில் நடந்தது. நகர எல்லைக்குள் கால்நடைச் சந்தை இருந்தே ஆகவேண்டும் என்று 1854 முதல் 1871 வரையிலான நகரச் சட்டங்கள் கட்டாயப்படுத்தின. மண்டபம் நிறைவுற்ற ஆண்டையே அச்சட்டங்களின் இறுதி ஆண்டாகக் காண்கிறோம். ஆடு விற்க வந்தவர் மண்டபத்தில் நுழைந்தார், அவர் மனைவி வெண்ணெய் விற்றார், மாலையில் மாடியில் ஏதேனும் நடந்தால் படியேறினார்கள். அந்த நகரத்தின் ஏற்பாடு அது. மன்மத்ஷயர் கவுன்சில் கேட்டுக்கொண்டபடி, வேல்ஸ் அரசு 2012 மார்ச்சில் அச்சட்டங்களை நீக்கியது. எதிர்த்துப் போராடிய ஊர்க்காரர்கள் தோற்றார்கள். 2013 டிசம்பரில் சந்தை மூடப்பட்டது. பத்து மைல் தொலைவில், ராக்லன் அருகே பிரின்குவினில் 27 ஏக்கரில் புதிய சந்தை. பழைய இடத்தில் 2018இல் பேரங்காடி திறந்தது.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு. பழைய தொட்டி குறுகலானது. பெரிய லாரிகள் நகரத் தெருவில் திணறின. புதிய இடம் வசதி என்று சொன்ன விவசாயிகளும் இருந்தார்கள். இவற்றை மறுக்கவில்லை. ஆனால் இவை இடப் பற்றாக்குறைக்கான வாதங்களே தவிர, ஒன்றரை நூற்றாண்டுச் சட்டத்தைத் துடைத்தெறிவதற்கான வாதங்கள் ஆகா. லாரி நிறுத்த இடமில்லாத அதே நிலத்தில் பேரங்காடிக்கும் அதன் கார்களுக்கும் இடம் கிடைத்தது எப்படி என்று யாரேனும் எங்களுக்கு விளக்கினால் கேட்டுக்கொள்வோம். வெளியூர்க் கால்நடைச் சந்தையில் விற்றுவிட்டு வண்டியைத் திருப்புகிற ஒருவருக்கு நகரத்து மண்டபத்தில் என்ன வேலை? அரங்கின் படிகளில் அவர் கால் எதற்காகப் படும்?

'பைத்தியக்கார மாடு' நோயால் விவசாயிகள் நொடிந்திருந்த வேளையில், 1999இல் இந்த ஊரில் ஓர் உணவுத் திருவிழா தொடங்கியது. நல்ல விழா; இன்றும் செப்டம்பரில் சந்தைக் கூடம் நிரம்பி வழிகிறது. மலைச்சாரல் ஆட்டுக்கறியைப் புகழ்ந்து பேசுகிறார்கள், சுவைத்துக் காட்டுகிறார்கள். அந்த ஆட்டை விலை பேசி விற்பதற்குப் பத்து மைல் போகவேண்டும் என்பது மட்டும் அழைப்பிதழில் இருக்காது.