ருசி மேசையில் கூலிக் கணக்கு

கேப் டவுனுக்குப் போகும் பயணிகள் பெரும்பாலும் ஒரு நாளைத் திராட்சைத் தோட்டங்களுக்கென்று ஒதுக்கிவிடுகிறார்கள். நகரத்திலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் பார்ல், ஸ்டெல்லன்போஷ், ஃபிரான்ஷ்ஹூக் ஆகிய ஊர்களை எட்டிவிடலாம். பார்லில் உள்ள ஃபேர்வியூ பண்ணையில் ஒயினும் சீஸும் ஒரே வளாகத்தில் தயாராகின்றன. அந்த நிலம் 1693இல் பிரெஞ்சு புராட்டஸ்டண்ட் அகதி ஒருவருக்கு வழங்கப்பட்டது. லிதுவேனியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம் ஒன்று 1937இல் அதை வாங்கியது. வெள்ளாடுகள் ஏறி இறங்குவதற்காக வெளிப்புறம் சுற்றுப்படி வைத்த கோபுரம் 1981இல் எழுந்தது. இதுபோன்ற பண்ணைகளில் ருசி பார்க்கும் மேசைக்கு வந்து உட்காருகிறவர் கேட்கும் கதை ஏறத்தாழ ஒன்றுதான்: மலையடிவாரத்து மண், கோடையில் தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று, நிறையப் பால் தரும் சானன் என்ற சுவிஸ் ஆட்டினம், பண்ணையை நடத்திவரும் குடும்பத்தின் தலைமுறைகள். இவை எல்லாமே உண்மை, அறியத் தக்கவையும்கூட. ஆனால் கொடியைக் கவாத்து செய்தவர், குலையை வெட்டியவர், விடியலில் ஆட்டைக் கறந்தவர் ஆகியோரின் வரலாறும் கூலியும் அதே மேசையில் பேசப்பட வேண்டும் என்பது என் வாதம். வேறொரு கட்டடத்தில் அருங்காட்சியகம் வைத்து, விரும்புகிறவர் போய்ப் பார்க்கட்டும் என்று விடுவது போதாது. மண்ணும் காற்றும் எப்படி ஒயினின் உற்பத்தி விவரங்களோ, அப்படியே உழைப்பும் ஓர் உற்பத்தி விவரம்தான்.

தென்னாப்பிரிக்கா என்றதும் நமக்கு 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் நினைவுக்கு வருவார்கள். கேப் டவுனைச் சூழ்ந்த கேப் பகுதியின் கதை அதற்கு இருநூறு ஆண்டு மூத்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே இறங்கியது 1652இல். அடிமைகளை ஏற்றிய முதல் பெரிய கப்பல்கள் 1658இல் வந்தன. கேப்பில் விளைந்த திராட்சையிலிருந்து முதல் ஒயின் பிழியப்பட்டது 1659 பிப்ரவரி 2இல். இந்த வரிசை தற்செயலானதல்ல. திராட்சை ஆள்பலம் கேட்கும் பயிர், கம்பெனியோ அந்த ஆள்பலத்தை இந்தியப் பெருங்கடல் முழுவதிலுமிருந்து திரட்டியது. அடிமை வணிகத்தைப் பிரிட்டன் 1808இல் நிறுத்தும்வரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கேப்புக்குக் கொண்டுவரப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், இலங்கை ஆகியவற்றிலிருந்து வந்தவர்கள் போக, ஏறத்தாழ கால் பங்கினர் வங்காளம், மலபார், சோழமண்டலக் கடற்கரை ஆகிய இந்தியப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். பழவேற்காடும் நாகப்பட்டினமும் அன்று டச்சுக்காரர்களின் துறைமுகங்கள். 1659 தொடங்கித் தஞ்சைப் பகுதியைப் படையெடுப்பும் பஞ்சமும் வாட்டிய ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான மக்களை அவர்கள் விலைக்கு வாங்கி இலங்கைக்கும் ஜாவாவுக்கும் ஏற்றி அனுப்பினார்கள். அதே வணிக வலையின் மேற்குக் கோடியில் இருந்தது கேப். அங்கே பதிவேட்டில் ஏறியபோது பலருக்குச் சொந்தப் பெயர் போயிற்று. வந்த ஊரோ மாதத்தின் பெயரோ அடையாளமாக ஒட்டிக்கொண்டது. செப்டம்பர், பிப்ரவரி என்ற குடும்பப் பெயர்களை அந்தப் பகுதியில் இன்றும் காணலாம்.

அடிமைமுறை 1834இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனாலும் பழகுநர் என்ற பெயரில் நான்கு ஆண்டு கட்டாய வேலை தொடர்ந்து, 1838இல்தான் அவர்கள் உண்மையில் விடுபட்டார்கள். விடுபட்டவர்களுக்கு நிலம் இல்லை. போக இடமில்லாமல் பலர் அதே பண்ணைகளில் கூலிகளாகத் தங்கினார்கள். வேலையை விட்டு விலகுவதையே குற்றமாக்கிய எஜமான்–வேலையாள் சட்டங்கள் 1841இலும் 1856இலும் அவர்களை மேலும் இறுக்கின. அதைவிடக் கொடிய கட்டு ஒன்றும் இருந்தது, அதை ‘டொப்’ முறை என்பார்கள். விற்பனைக்கு உதவாத மட்டமான ஒயினைக் காலை முதல் மாலைவரை பல தவணைகளாகக் குவளையில் ஊற்றிக் கொடுத்து, அதையும் கூலியின் ஒரு பகுதியாக எழுதிக்கொள்ளும் வழக்கம் இது. மிஞ்சிய சரக்கும் செலவானது, குடிக்கு அடிமையான ஆள் வேறு பண்ணைக்கும் போகமாட்டான். 1960களில் சட்டம் தடை செய்த பிறகும் 1990கள்வரை ஆங்காங்கே இது நீடித்தது. பார்லுக்குப் பக்கத்து ஊரான வெலிங்டனில் 1990களின் இறுதியில் முதல் வகுப்புக் குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். கருவிலேயே மதுவால் மூளையும் உடல் வளர்ச்சியும் பாதிக்கப்பட்டவர்கள் ஆயிரத்துக்கு நாற்பதுக்கும் மேல் இருந்தார்கள். உலகில் எங்கும் அதுவரை பதிவான விகிதங்களில் அது மிக உயர்ந்தது. அந்தப் பாதிப்புக்குச் சிகிச்சையால் மீட்சி கிடையாது, வாழ்நாள் முழுதும் கூடவே வரும். ஒயினை ருசித்துப் பார்க்கும் இடத்தில் இதைச் சொல்லாமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதெல்லாம் முடிந்துபோன கதை, இன்றைய உரிமையாளர் அதற்குப் பொறுப்பல்ல என்று ஒருவர் சொல்லலாம். பாதி சரி. முந்நூறு ஆண்டுப் பாவத்தை ஒரு குடும்பத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் கதை முடிந்துவிட்டது என்பதுதான் சரியில்லை. 2012 நவம்பரில் ஹெக்ஸ் நதிப் பள்ளத்தாக்கிலுள்ள டி டோர்ன்ஸ் ஊரில் திராட்சைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி நெடுஞ்சாலையை மறித்தபோது, சட்டப்படியான அவர்களுடைய நாள்கூலி 69 ராண்ட். கேட்டது 150 ராண்ட். போராட்டம் ஒயின் வட்டாரங்களுக்கும் பரவியது, உயிர்ப்பலியும் நேர்ந்தது. கடைசியில் 2013 மார்ச் முதல் கூலி 105 ராண்ட் ஆயிற்று. தேசியக் குறைந்தபட்சக் கூலி 2019இல் நடைமுறைக்கு வந்தபோதும் பண்ணையாளுக்கு மற்றவர்களைவிடக் குறைவாகவே நிர்ணயித்தார்கள். அந்த வேறுபாடு நீங்க 2021 ஆனது. பண்ணையில் குடியிருப்பவர்களை நினைத்தபடி வெளியேற்றக் கூடாது என்று 1997இல் வந்த சட்டம் நல்ல நோக்கமுடையது. ஆனால் அதைக் கண்டு, பண்ணைக்குள் ஆட்களைக் குடிவைக்கவே பல உரிமையாளர்கள் தயங்கத் தொடங்கினார்கள். நிரந்தர வேலைகள் சுருங்கின. ஒப்பந்தக்காரர் லாரியில் ஏற்றிவந்து இறக்கும் பருவகால ஆட்கள் பெருகினார்கள், அவர்களில் பெண்கள் ஏராளம்.

சீஸ் இந்த வாதத்துக்குள் நுழைவது இந்த இடத்தில்தான். ஒயினையும் சீஸையும் நாவில் சேர்ந்து வரும் ஜோடியாக மட்டுமே பயணி பார்க்கிறார். வேலையின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் வெவ்வேறு காலக்கணக்கு உடையவை. கேப்பில் திராட்சை அறுவடை ஜனவரி பிற்பகுதியில் தொடங்கி ஏப்ரல்வரை போகும். கவாத்து ஜூன் முதல் ஆகஸ்ட்வரையான குளிர்காலத்தில். இடைப்பட்ட மாதங்களில் வேலை குறைவு, பருவகால ஆளுக்கு வருமானமே இருக்காது. ஆனால் பால் கறப்பதற்கு விடுமுறை இல்லை. ஆட்டையும் மாட்டையும் தினமும் இருவேளை கறந்தாக வேண்டும். கறந்த பாலைச் சூடாக்கி, ரென்னெட் சேர்த்துத் திரளவைத்து, கட்டியை வெட்டி, வடித்து, உப்பிட்டு, அச்சில் வைத்து, முதிரும் அறையில் நாள்தோறும் திருப்பிவைக்க வேண்டும். ஒரு கிலோ கெட்டிச் சீஸுக்குப் பத்து லிட்டர் அளவுக்குப் பசும்பால் போகும். இதெல்லாம் ஆண்டு முழுவதும் தேவைப்படும், பயிற்சி கேட்கும் வேலை. ஆகவே திராட்சையோடு பால்பண்ணையும் விருந்தினர் கூடமும் வைத்திருக்கும் பண்ணைக்கு, திராட்சை மட்டும் வளர்க்கும் அண்டைப் பண்ணைக்கு இல்லாத ஒரு வாய்ப்பு உண்டு: அதே ஆட்களைப் பன்னிரண்டு மாதமும் வைத்துக்கொள்ளலாம். அந்த வாய்ப்பைப் பண்ணை பயன்படுத்துகிறதா, அறுவடைக்கு வந்த பெண்ணுக்கு மே மாதத்தில் சீஸ் அறையில் வேலை உண்டா என்பது என் பார்வையில் பீப்பாயின் ஓக் மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பதைவிட முக்கியமான கேள்வி.

கேள்வி கேட்பதால் என்ன ஆகிவிடும் என்ற ஐயமும் எழும். தென்னாப்பிரிக்கா ஏற்றுமதி செய்யும் ஒயினில் பாதிக்கும் மேல் பாட்டிலில் போவதில்லை. சரக்குப் பெட்டகத்துக்குள் விரித்த, 24,000 லிட்டர் கொள்ளும் பெரிய பைகளில் மொத்தமாகப் போய், ஐரோப்பாவில் பாட்டில் ஏறுகிறது. அங்கே விலையைத் தீர்மானிப்பது பல்பொருள் அங்காடிச் சங்கிலிகள். விவசாயிக்குக் கிடைப்பது சொற்பம், அந்தச் சொற்பத்திலிருந்துதான் கூலியும் வருகிறது. கூலியை உயர்த்த முடியாது என்று பண்ணைக்காரர்கள் சொல்லும்போது அதில் ஓரளவு உண்மை இருப்பது இதனால்தான். ஆனால் பண்ணையின் சொந்த மேசையில் விற்கும் பாட்டிலுக்கும் சீஸுக்கும் இடைத்தரகர் இல்லை. விலை வைப்பவர் பண்ணைக்காரரே. லண்டன் அங்காடியில் அலமாரி முன்னால் நிற்பவரின் கேள்வி பண்ணைவரை போய்ச் சேராது. பார்லில் உட்கார்ந்திருப்பவரின் கேள்வி உரிமையாளரின் காதில் நேராக விழும். ஒருநாள் பயணியை வெறும் வேடிக்கை பார்ப்பவர் என்று நான் கருதாததற்குக் காரணம் இதுதான்.

ஓய்வுக்கு வந்தவர்மீது இந்தச் சுமையை ஏற்றலாமா என்ற கேள்வியையும் நான் மதிக்கிறேன். விடுமுறை எல்லோருக்கும் எளிதாகக் கிடைப்பதில்லை. ஆனாலும் பண்ணைச் சுற்றுலாவுக்கு வருகிறவர் பொருள் எப்படி உருவாகிறது என்று பார்க்க விரும்பி வருகிறவர். பாதியை மறைத்துக் காட்டுவது அவருடைய ஆர்வத்துக்கே மரியாதைக் குறைவு. இதைவிடக் கனமான எதிர்வாதம் ஃபிரான்ஷ்ஹூக் பக்கத்திலுள்ள சோல்ம்ஸ்-டெல்டா பண்ணை. அங்கே இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழாய்வு நடத்தி, அடிமைகளின் வரலாற்றுக்கு அருங்காட்சியகம் அமைத்து, தொழிலாளர் அறக்கட்டளைக்கு உரிமையில் பங்கும் கொடுத்தார்கள். பின்னால் அரசும் பங்குதாரராகச் சேர்ந்தது. அப்படியும் பண்ணை நிதி நெருக்கடியில் சிக்கித் தடுமாறியது. வரலாற்றைச் சொன்னால் மட்டும் வயிறு நிறையாது என்று இதைக் காட்டுகிறார்கள், சரிதான். ஒயின் வணிகம் லாபம் ஈட்டாவிட்டால் எந்தப் பங்கும் காகிதம்தான். ஆனால் அதன் வீழ்ச்சிக்குக் காரணம் வரலாற்றைச் சொன்னது என்பது அந்த நிகழ்விலிருந்து வரும் முடிவல்ல. மறுபக்கம் ஃபேர்வியூவில் 1997இல் தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்து, அரசு மானியத்தோடு பக்கத்து நிலத்தை வாங்கி, ஃபேர்வேலி என்ற பெயரில் சொந்த ஒயினை விற்கத் தொடங்கினார்கள். அது ஃபேர்டிரேட் என்ற நியாய வணிகச் சான்றுடன் வெளிநாட்டுக்கும் போகிறது. உலகில் விற்கும் ஃபேர்டிரேட் ஒயினில் பெரும்பங்கு தென்னாப்பிரிக்காவினுடையது. தொழிலாளர் கதையும் வணிகமும் ஒன்றாக ஓட முடியும் என்பதற்கு அந்த வட்டாரத்திலேயே சான்று இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது புறக்கணிப்பு அல்ல. புறக்கணித்தால் முதலில் வேலையிழப்பவர் பண்ணையாள். நான் கேட்பது ருசி மேசையில் கூடுதலாகச் சில நிமிடங்கள்: நிரந்தர ஆட்கள் எத்தனை பேர், பருவகால ஆட்கள் எத்தனை பேர், குடியிருப்பு யார் பெயரில் இருக்கிறது, பண்ணை விற்கப்பட்டால் அந்தக் குடும்பங்கள் எங்கே போகும் என்பவை சொல்லப்பட வேண்டும். தொழிலாளர் நிலைமையைத் தணிக்கை செய்யும் வியெட்டா என்ற அமைப்பு 2002 முதல் செயல்படுகிறது, தேறிய பண்ணைகளின் பாட்டிலில் அதன் முத்திரை இருக்கும். முத்திரையால் எல்லாமே சரியாகிவிடாது, தணிக்கை அதிகாரி வரும் நாளில் எந்தப் பண்ணையும் ஒழுங்காகத்தான் இருக்கும். அதனால்தான் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று ஊற்றிக் கொடுப்பவர் பண்ணைக் குடியிருப்பில் வளர்ந்தவராக, பயிற்சியும் முறையான சம்பளமும் பெற்றவராக இருப்பது நல்லது என்கிறேன். மண்ணைப் பற்றியும் காற்றைப் பற்றியும் சொல்ல அவருக்கும் தெரியும், மற்றதை அவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் அங்கே வேறு யாரும் இல்லை.