ரொறன்ரோவின் மழைவெள்ளமும் நிலவறைக் குடித்தனங்களும்

2013 யூலை 8ஆம் திகதி ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவாகியது. 2024 யூலை 16ஆம் திகதி அங்கு ஏறத்தாழ 98 மில்லிமீற்றர் பெய்தது. இரு தடவையும் டொன் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலை நீரில் அமிழ்ந்தது. காப்புறுதி நிறுவனங்களின் இழப்பு 90 கோடி டொலரைத் தாண்டியது.

இதனை இயற்கையின் சீற்றம் என்று மட்டும் கூறிவிட முடியாது. வழிந்தோடும் நீரைக் கணிக்கும் முறை எளிது. மழையின் செறிவு, நிலத்தின் பரப்பு, அந்நிலம் உறிஞ்சாது விடும் பங்கு ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். 10,000 சதுர மீற்றர் நிலத்தில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழும் நீர் 5 இலட்சம் லீற்றர். புற்றரையாயின் அதில் ஏறத்தாழ 1 இலட்சம் லீற்றரே வழிந்தோடும். தாரிட்ட வாகனத் தரிப்பிடமாயின் 4.5 இலட்சம் லீற்றர் ஓடும். மழை ஒன்றே; வெள்ளம் நான்கு மடங்குக்கும் அதிகம்.

நிலத்தடிக் குழாய்களோ அவை புதைக்கப்பட்ட காலத்து மழைக் கணக்கிற்கு அமைந்தவை. நகரின் பழைய பகுதிகள் பலவற்றில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயிற் செல்கின்றன. அது நிறைந்ததும் நீர் பின்வாங்கி, நிலவறைத் தரையின் வடிகால் துவாரம் வழியே மேலெழுகிறது.

அந்த நிலவறைகளிலேயே எம்மவர் பலரின் கனடிய வாழ்வு தொடங்குகிறது. வீட்டுச் சொந்தக்காரரின் காப்புறுதி வாடகைக்கு இருப்போரின் உடைமைகளைக் காக்காது. அகதிக் கோரிக்கைப் பத்திரங்களும் பிறப்புச் சான்றிதழ்களும் நனைந்து அழிந்தால் அவற்றை எந்தப் பணமும் மீட்டுத் தராது.

மிசிசாகா மாநகரசபை 2016 முதல் நீர் புகாத தரையின் பரப்பிற்கேற்ப மழைநீர்க் கட்டணம் அறவிடுகிறது. வெள்ளத்தைப் பெருக்குவோர் வடிகாலின் செலவைப் பகிர்வது நியாயமே. ரொறன்ரோவில் அத்தகைய கட்டணம் பற்றிய மக்கள் கலந்தாய்வு 2024 வசந்தத்தில் எதிர்ப்பின் மத்தியில் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டுக் கோடையிலேயே வெள்ளம் வந்தது.

நீரின் பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வைப் பொருத்த மாநகரசபை வீட்டுச் சொந்தக்காரருக்கு உதவிப்பணம் வழங்குகிறது. வாடகைக்குச் செல்வோர் ஒப்பந்தத்திற் கையெழுத்திடுமுன் அவ்வால்வு உள்ளதா என்று கேட்டறிய வேண்டும். ஆயினும் வால்வு ஒரு வீட்டையே காக்கும். வடிகால்களை இன்றைய மழைக்கேற்ப விரிவாக்குவது நகரின் கடமை. வாக்குரிமை பெற்ற எம்மவர் அதனைத் தம் மாநகரசபை உறுப்பினரிடம் வற்புறுத்த வேண்டும். நிலவறையில் வாழ்வோரிற் பலருக்கு அவ்வுரிமை இன்னும் கிட்டவில்லை.