ரெயூனியன் மலைவழிகளும் நம் கடமையும்

மலை என்றவுடன் தமிழ் பயிலும் மாணவர் நெஞ்சில் குறிஞ்சித் திணையே முதலில் தோன்றும். நாம் வாழும் ரெட்டியார்பாளையமோ சமநிலம். மயிலத்துக் குன்றையோ செஞ்சி மலைகளையோ காண விரும்பின் நாம் வெளியூர் செல்லுதல் வேண்டும். அத்தகைய ஊரிலிருந்து மலையேற்றத்தைப் பற்றி எழுதப் புகுவானேன் எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். புதுச்சேரித் துறையிலும் காரைக்கால் துறையிலும் கலமேறிச் சென்ற நம் மக்களின் வழித்தோன்றல்கள் இன்று ஒரு மலைத்தீவில் வாழ்கின்றனர் என்பதே அவர்க்கு நாம் தரும் விடை. அத்தீவின் பெயர் ரெயூனியன். முன்னாளில் புர்போன் என்று வழங்கியது.

இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே அமைந்த இத்தீவின் பரப்பு சற்றேறக்குறைய 2,500 சதுர கிலோமீட்டர். இச்சிறு பரப்பில் 3,070 மீட்டர் உயரத்திற்கு எழுந்து நிற்கிறது பித்தோன் தெ நேஜ் என்னும் பனிச்சிகரம். இது அணைந்துபோன எரிமலை. தென்கிழக்கே, அடிக்கடி தீக்குழம்பைக் கக்கும் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் உள்ளது. பனிச்சிகரத்தைச் சூழ்ந்து சிலாவோஸ், சலாஸி, மஃபாத் என மூன்று ஆழ்ந்த பள்ளத்தாக்குகள் பெருங்கிண்ணங்கள்போல் விளங்குகின்றன. மழை இம்மலைகளை இடையறாது அரித்துச் செதுக்குகின்றது. 1966ஆம் ஆண்டு சனவரியில் ஃபோக் ஃபோக் என்னுமிடத்தில் ஒரே நாளில் 1,825 மில்லிமீட்டர் மழை பெய்தது. 24 மணி நேர மழையளவில் அது உலகச் சாதனை. இந்த நிலக்காட்சியின் சிறப்பறிந்தே 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுச் செல்வமாக ஏற்றது.

இன்று உலகின் பல பகுதிகளினின்றும் மக்கள் இங்கு நடக்க வருகின்றனர். சிகரத்தின்கீழுள்ள விடுதியில் இரவு தங்கி, விடியுமுன் விளக்கேந்தி ஏறிக் கதிரவன் எழுவதைக் காண்கின்றனர். மஃபாத்திற்கு இன்றும் வண்டிச் சாலை இல்லை. அங்கு வாழ்வோரைக் காண வேண்டுமாயின் எருதுகளின் கணவாய் எனப் பொருள்படும் கொல் தெ பெஃப் வழியாகவோ, 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட தைபித் கணவாய் வழியாகவோ கால்நடையாகவே செல்லுதல் வேண்டும். இன்றேல் ஹெலிகாப்டரில் இறங்க வேண்டும். அவ்வூர்களுக்குக் கடிதங்களைச் சுமந்து ஏறத்தாழ நாற்பதாண்டுகள் நடந்த தபால்காரர் ஒருவரைத் தீவினர் இன்றும் போற்றுகின்றனர்.

இவ்வழிகளை முதன்முதல் மிதித்தவர் யாவர்? அழகு காண வந்தவர் அல்லர், அடிமைத்தளையினின்று தப்பியோடியவர்களே. கரையோரத் தோட்டங்களில் வதைபட்டோர், துரத்துவோர் எளிதில் எட்டவியலாத உட்பள்ளத்தாக்குகளில் ஒளிந்து வாழ்ந்தனர். அவர்களை வேட்டையாடவே தனிப்படைகள் அனுப்பப்பட்டன. மஃபாத் என்பதே அவ்வாறு தப்பி வாழ்ந்த தலைவன் ஒருவனின் பெயர் என்பர். 1848ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் அங்கு அடிமைமுறை முற்றுப்பெற்றபோது விடுதலை பெற்றோர் ஏறத்தாழ அறுபதாயிரவர்.

அவர்கள் நீங்கிய கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டோரே நம்மவர். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து, ஓரிலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் 19ஆம் நூற்றாண்டில் அத்தீவை அடைந்தனர். அவருள் பெரும்பான்மையோர் தமிழர். 1861இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கை பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் திரட்ட இசைவளித்தது. தொழிலாளர் பட்ட இன்னல்கள் வெளிப்படவே 1882இல் பிரிட்டிஷ் அரசு அதனை நிறுத்தியது. பின்னர்க் குஜராத்திலிருந்து வணிகராக வந்த முஸ்லிம்கள் சேன் தெனி நகரில் 1905ஆம் ஆண்டு திறந்த பள்ளிவாசலும் அத்தீவின் பெருமைகளுள் ஒன்றாகத் திகழ்கின்றது.

ஈண்டு நோக்கத்தக்க செய்தியொன்று உண்டு. கப்பலில் வந்தோரைத் தொற்றுநோய் அச்சத்தால் ஊருக்குள் விடாது, கிராந்து ஷலூப் என்னும் மலையிடுக்கில் அமைந்த தனிமை முகாமில் அடைத்து வைத்தனர். அம்முகாமின் அருகே கருங்கல் பாவிய பழம்பாதையொன்று மலைமேல் ஏறிச் செல்கிறது. 1989 முதல் ஆண்டுதோறும் நிகழ்ந்துவரும் புகழ்மிக்க மலையோட்டப் பந்தயத்தில், தீவின் குறுக்கே 160 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிக் களைத்தோர் இறுதியில் இவ்வழியாகவே சேன் தெனியை அடைகின்றனர். இப்பாதையின் பெயர் ‘ஆங்கிலேயர் பாதை’. 1810இல் தீவைக் கைப்பற்ற வந்த படையின் நினைவாக வந்தது அப்பெயர் என்பர். ஆங்கிலேயர் ஆண்டதோ சில ஆண்டுகளே. தலைமுறை தலைமுறையாக உழைத்துத் தீவை வளமாக்கியவரின் பெயரோ அப்பாதைக்கு இல்லை.

ஆகவே, மலைவழி என்பது கண்ணுக்கு விருந்து மட்டுமன்று, கற்க வேண்டிய ஏடுமாகும் என்பதே நம் கருத்து. 1344ஆம் ஆண்டு இலங்கையின் பாவா ஆதம் மலையில் ஏறிய இப்னு பதூதா சிகரத்தின் எழிலை மட்டுமா எழுதினார்? ஏறுவோர் பற்றிக்கொள்ளப் பாறையில் பிணித்திருந்த சங்கிலிகளையும், இரு வழிகளின் பெயர்களையும், அங்கு வரும் பல சமயத்தாரையும் குறித்து வைத்தார். நடப்பவர் எவ்வாறு காண வேண்டும் என்பதற்கு அவர் நல்லதொரு சான்று.

ரெயூனியன் சென்று நடக்க நம் மாணவருள் எத்தனை பேருக்கு வசதி உண்டு என்னும் ஐயம் நியாயமானதே. அங்குச் செல்வது நம் முதற்கடமையன்று. இராமசாமி, மாரிமுத்து என்னும் பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் உருமாறி அங்குக் குடும்பப் பெயர்களாக நிலைத்துள்ளன. அக்குடும்பத்தாருள் பெரும்பாலோர் கிரியோல் மொழி பேசுகின்றனர். தமிழ் அவர்தம் நாவினின்று நழுவிவிட்டது. தம் முன்னோர் எவ்வூரார் என்று தேடிவரும் அவர்க்கு விடை கூறத் தமிழும் பிரெஞ்சும் ஒருங்கே அறிந்தவர் வேண்டும். அத்தகையோரைப் புதுச்சேரியன்றி வேறெந்த ஊர் எளிதில் தர இயலும்? பிரெஞ்சு மொழியை வேலைக்கும் குடியுரிமைக்கும் மட்டுமே உரிய கருவியாகக் கருதுவது நம்மிடையே வளர்ந்துவிட்ட குறையாகும். அக்கரைக்குச் சென்ற உறவினரைப் பற்றி நம் இல்லங்களில் வழங்கும் செய்திகளை முதியோரிடம் கேட்டெழுதுதலும், பழம் பதிவேடுகளிலுள்ள தமிழ்ப் பெயர்களைப் படித்துத் திருத்தமாக எழுதுதலும் தமிழ்த்துறை மாணவர் இன்றே தொடங்கத்தக்க பணிகள்.

நடைப்பயிற்சிக்குச் செஞ்சி போதும். 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர் வசமிருந்த அக்கோட்டையில், வேங்கடரமணர் கோயிலும் சாதுல்லாகான் பள்ளிவாசலும் மலையடியில் நிற்கின்றன. அவற்றைக் கண்டபின் இராசகிரியின் படிகளில் மாணவர் ஏறட்டும். ஏறும்போது அப்படிகளைச் சுமந்திட்டவர் யாவர் என்று ஆசிரியர் வினவட்டும். அவ்வினாவோடு ஏறப் பழகிய மாணவர், ஒருநாள் கிராந்து ஷலூப்பின் கருங்கற்பாதையில் நிற்க நேரின், அங்குத் தங்கிச் சென்றவர் தம்மவரே என்பதைத் தாமே உணர்வர். அதற்கு அவர்களை ஆயத்தம் செய்தல் தமிழ் கற்பிப்போர் கடன் எனக் கருதுகின்றோம்.