பிணங்கள் நடந்தன! குழந்தைகள் அழுதார்கள்!

செத்த பிணம் எழுந்து நடக்கிறது. உயிரோடு இருப்பவர்களைப் பிடித்துத் தின்கிறது. இப்படிப்பட்ட நடைப்பிணத்துக்கு "ஜோம்பி" என்று பெயர்.

ஜோம்பி படங்கள் இன்று பல நாடுகளில் வருகின்றன. அவற்றுக்கு எல்லாம் வழி காட்டிய படம் 1968-ம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. "நைட் ஆப் தி லிவிங் டெட்" என்பது அதன் பெயர். "வாழும் பிணங்களின் இரவு" என்று பொருள்.

அந்தப் படம் எழுப்பிய கேள்வி இன்னும் தீரவில்லை. குழந்தைகள் எதைப் பார்க்கலாம் என்று முடிவு செய்வது யார்?

சாக்லெட் ரத்தம்

படத்தின் டைரக்டர் ஜார்ஜ் ரொமேரோ. பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்து வந்தவர். கையில் பணம் இல்லை. நண்பர்கள் ஆளுக்கு 600 டாலர் போட்டுத் தொடங்கினார்கள். மொத்தச் செலவு சுமார் 1 லட்சத்து 14 ஆயிரம் டாலர். ஹாலிவுட்டில் இது மிகச் சிறிய தொகை.

இடிக்கப்பட இருந்த ஒரு பண்ணை வீட்டில் படம் பிடித்தார்கள். கறுப்பு வெள்ளைப் படம். ஆகவே ரத்தத்துக்குச் சாக்லெட் பாகே போதுமானதாக இருந்தது!

அழுத சிறுமி

1968 அக்டோபர் 1-ந் தேதி படம் பிட்ஸ்பர்க்கில் திரையிடப்பட்டது.

அந்தக் காலத்தில் பேய்ப் படம் என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பெற்றோர் அவர்களைப் பகல் காட்சியில் விட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் படங்களில் பூதம் வரும். கடைசியில் கதாநாயகன் வெல்வான்.

இந்தப் படம் அப்படி அல்ல. பெற்ற தாயை மகளே கொல்கிறாள். கதாநாயகனும் பிழைக்கவில்லை.

ரோஜர் ஈபர்ட் என்ற சினிமா விமர்சகர், பிள்ளைகள் நிறைந்த ஒரு பகல் காட்சிக்குப் போனார். முதலில் ஒரே கூச்சல். போகப்போக தியேட்டரில் சத்தமே இல்லை. 9 வயது இருக்கக்கூடிய ஒரு சிறுமி அசையாமல் உட்கார்ந்து அழுதாள். இதை அவர் 1969-ல் பத்திரிகையில் எழுதினார்.

படங்களை வயதுக்கு ஏற்றபடி தரம் பிரிக்கும் முறை அமெரிக்காவில் 1968 நவம்பர் 1-ந் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. படம் ஒரு மாதம் முந்திக்கொண்டது!

ஏச்சும் புகழும்

"இது படமா?" என்று பலர் ஏசினார்கள். ஆனால் வேறு சிலர் அதில் ஆழமான பொருளைக் கண்டார்கள்.

கதாநாயகனாக நடித்த டுவேன் ஜோன்ஸ் ஒரு கறுப்பர். கதைப்படி அவர் இரவு முழுவதும் பிணங்களோடு போராடித் தப்புகிறார். விடிந்ததும் காப்பாற்ற வந்தவர்களே அவரைப் பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறார்கள். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டதும் அதே 1968-ல்தான். பார்த்தவர்கள் நெஞ்சில் அது தைத்தது.

1999-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் இதையும் சேர்த்தது.

படம் நல்ல படமாக இருக்கலாம். அதற்காக அது சிறுவர் படம் ஆகிவிடுமா?

விட்டுப்போன ஒரு வரி

கடைசி நேரத்தில் படத்தின் பெயரை மாற்றினார்கள். அப்போது உரிமையைக் குறிக்கும் ஒரு வரி விட்டுப்போயிற்று. அன்றைய சட்டப்படி படம் பொதுச் சொத்து ஆகிவிட்டது. யார் வேண்டுமானாலும் காட்டலாம். படம் 1 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தது. எடுத்தவர்களுக்குக் கிடைத்ததோ கொஞ்சம்தான்.

இன்று அதை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். டிக்கெட் இல்லை, வாசலில் தடுக்க ஆளும் இல்லை. அன்று தியேட்டரில் நடந்தது, இன்று வீட்டில் செல்போனில் நடக்கிறது.

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பார்கள். பிள்ளைகளுக்குக் காட்டும் முன்பு பெரியவர்கள் பார்த்துவிட வேண்டும். பிள்ளை எதையாவது பார்த்துப் பயந்துவிட்டால் அடிக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார வைத்து, "அது ரத்தம் இல்லை கண்ணு, சாக்லெட் பாகு" என்று சொல்லுங்கள். பாதிப் பயம் அப்போதே போய்விடும்.