ஆன்டிவைரஸ் போட்டாச்சு, அப்புறம் என்ன?

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என்ன பாதுகாப்பு செய்திருக்கிறீர்கள் என்று கேட்டால் நம் ஊரில் அநேகமாக ஒரே பதில்தான்: "ஆன்டிவைரஸ் போட்டாச்சு." விண்டோஸ் ஒரிஜினலா, அப்டேட் வருகிறதா, குழந்தைகளின் போட்டோக்களுக்கு இன்னொரு நகல் இருக்கிறதா, எல்லாக் கணக்குக்கும் ஒரே பாஸ்வேர்டா என்று அடுத்தடுத்துக் கேட்டால் எதிரே இருப்பவருக்கு எரிச்சல் வந்துவிடும். அதான் ஆன்டிவைரஸ் இருக்கே!

தாயத்து கட்டிக்கொண்டவரின் தைரியம் இது. தாயத்தால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. அது இருக்கிறது என்ற நினைப்பில் நள்ளிரவில் பாம்புப் புற்று இருக்கும் வழியாக வெறுங்காலோடு நடக்கிறோமே, அதனால்தான் கெடுதல்.

ஆன்டிவைரஸ் என்ன செய்கிறது? ஏற்கெனவே பிடிபட்ட கெட்ட நிரல்களின் அடையாளங்களை வைத்துக்கொண்டு, கணினிக்குள் வரும் கோப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கிறது. கூடவே, ஒரு நிரல் நடந்துகொள்ளும் விதம் சரியில்லை என்றால் சந்தேகப்படுகிறது. நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் வைரஸ் எழுதுகிறவனுக்கும் இதே ஆன்டிவைரஸ் கடையில் கிடைக்கிறது. தன் சரக்கை அதில் ஓட்டிப் பார்த்து, மாட்டாது என்று தெரிந்த பிறகுதான் வெளியே விடுகிறான். மாட்டினால் மேலுறையை மாற்றி மறுபடி கட்டுகிறான். நார்ட்டன் ஆன்டிவைரஸை விற்றுக்கொண்டிருந்த சிமான்டெக் நிறுவனத்தின் மூத்த துணைத் தலைவர் பிரையன் டை, 2014 மே மாதம் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழிடம், ஆன்டிவைரஸ் செத்துவிட்டது என்றே சொன்னார். தாக்குதல்களில் சுமார் 45 விழுக்காட்டைத்தான் அது பிடிக்கிறது என்பது அவர் சொன்ன கணக்கு. எதிரி சொன்னதில்லை, விற்கிறவரே சொன்னது. அந்தச் செய்தி நம் ஊர் சர்வீஸ் கடைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

சரி, பிடிக்கிற அந்தப் பாதியையாவது பிடிக்க விடுகிறோமா? அதுவும் இல்லை. சினிமாவில் வருவதுபோல எங்கோ இருட்டறையில் உட்கார்ந்து ஒருவன் நம் வீட்டுக் கணினியை உடைத்துக்கொண்டு வருவது அபூர்வம். பெரும்பாலும் நாமேதான் அழைத்து வருகிறோம். போட்டோஷாப் வேண்டும், கோரல்டிரா வேண்டும், பையனுக்கு ஒரு கேம் வேண்டும், விண்டோஸை ஆக்டிவேட் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் காசு கொடுக்காமல் ஓட்டவைக்கும் 'கிராக்' கிடைக்கிறது. அந்த கிராக்கோடு வரும் குறிப்பைப் படித்திருக்கிறீர்களா? முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும் என்று இருக்கும். கிராக்கை ஆன்டிவைரஸ் தவறாக வைரஸ் என்று சொல்லும், பயப்படாதீர்கள் என்று ஆறுதலும் இருக்கும். நாமும் சொன்னபடி ஆஃப் செய்கிறோம். ஆண்டுக்கு ஆண்டு பணம் கட்டி வைத்திருக்கும் காவல்காரனை, திருடன் கேட்டுக்கொண்டதற்காக டீ குடித்துவிட்டு வரச் சொல்கிறோம்.

இப்படி வந்ததுதான் ஸ்டாப் அல்லது டிஜேவியு என்று அழைக்கப்படும் பணயத் தீநிரல் குடும்பம். பெரிய கம்பெனிகள் அதன் குறி இல்லை. கிராக் தேடுகிற வீட்டுக்காரர்களும் மாணவர்களும்தான் குறி. நிரலை ஓட்டியதும் போட்டோ, வீடியோ, வேர்டு கோப்பு எல்லாம் பூட்டப்பட்டு, பெயருக்குப் பின்னால் புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ரீட்மீ' என்று ஒரு குறிப்பு கிடக்கும். சாவி வேண்டுமானால் 980 டாலர். 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490 டாலர். தள்ளுபடியில் கொடுத்தாலும் இன்றைய மதிப்பில் 40,000 ரூபாய்க்கு மேல். 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் இதன் 148 வகைகளுக்கு இலவசமாகப் பூட்டுத் திறக்கும் நிரலை வெளியிட்டது. ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்டுக்குப் பின் வந்த வகைகளில் பூட்டை மாற்றிவிட்டார்கள். அவற்றில் மாட்டிய பெரும்பாலோருக்கு மீட்பு கிடையாது. விண்டோஸை ஆக்டிவேட் செய்வதற்கென்று ஊரெல்லாம் தேடும் கேஎம்எஸ்பிகோவின் பெயரில் வந்த போலி இன்ஸ்டாலருக்குள் பாஸ்வேர்டு திருடும் கிரிப்ட்பாட் ஒளிந்திருந்ததை 2021 டிசம்பரில் ரெட் கேனரி நிறுவனம் வெளிப்படுத்தியது. இலவசமாகக் கிடைத்ததன் விலை அவ்வளவு.

இந்தப் பழக்கத்தை நாம் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகளில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பைசா செலவில்லாத, சட்டப்படியான இயங்குதளம். எத்தனையோ பேர் வாங்கிய கையோடு அதை அழித்துவிட்டுக் கள்ள விண்டோஸைப் போட்டுக்கொண்டார்கள். ஒரு தலைமுறைக்கே முதல் பாடம் அதுதான்: காசு கொடுக்காமல் வருவதுதான் சாமர்த்தியம்.

கள்ள விண்டோஸோடு இன்னொன்றும் சேர்ந்து வரும். அப்டேட்டை நிறுத்தி வைத்திருப்பார்கள். கேட்டால், "அப்டேட் வந்தா ஸ்லோ ஆயிடும் சார், ஆக்டிவேஷனும் போயிடும்" என்பார்கள். அந்த அறிவுரைக்கு உலகம் கொடுத்த விலையை 2017இல் பார்த்தோம். அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ தன் உபயோகத்துக்கென்று ரகசியமாக வைத்திருந்த விண்டோஸ் ஓட்டை ஒன்று அந்த ஏப்ரலில் அம்பலத்துக்கு வந்தது. மைக்ரோசாஃப்ட் அதற்கு ஒரு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று, அடைப்பை அனுப்பிவிட்டது. மே 12 அன்று அந்த ஓட்டை வழியாகவே பரவும் வான்னக்ரை என்ற பணயத் தீநிரல் புழு கிளம்பியது. சுமார் 150 நாடுகள், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள். இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. கேரளத்தில் வயநாட்டுப் பஞ்சாயத்து அலுவலகக் கணினி வரை அது எட்டிப் பார்த்தது. யாரும் எந்த லிங்க்கையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. இணைப்பில் இருந்தாலே போதும், வந்துவிடும். பாதிக்கப்பட்டவை பழைய எக்ஸ்பி கணினிகள் என்று முதலில் எல்லோரும் நினைத்தார்கள். கேஸ்பர்ஸ்கியின் கணக்குப்படி 98 விழுக்காடு விண்டோஸ் 7. அதாவது, அடைப்பு இலவசமாக வாசல்வரை வந்து இரண்டு மாதம் நின்றுவிட்டுப் போன கணினிகள். மார்ச் அப்டேட்டைப் போட்டிருந்த கணினியை அந்தப் புழுவால் தொட முடியவில்லை.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு. இதைக் கவனிக்காமல் ஆன்டிவைரஸை மட்டும் புதுப்பித்துக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேரோ!

அந்தரங்க விஷயத்துக்கு வருவோம். ஆன்டிவைரஸ் என்பது கணினியில் எதையும் திறந்து பார்க்க உரிமை பெற்ற நிரல். அந்த உரிமையைக் கொடுக்கிறவர் நாம். செக் நாட்டு அவாஸ்ட், உலகெங்கும் கோடிக்கணக்கானோர் இலவசமாகப் போட்டுக்கொண்ட ஆன்டிவைரஸ். உங்களைப் பின்தொடர்கிறவர்களிடமிருந்து காப்பாற்றுகிறோம் என்று விளம்பரம் செய்துகொண்டே, பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள், என்ன தேடினார்கள் என்பதைத் திரட்டி ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் வழியாக விற்றுக்கொண்டிருந்தது. 2020 ஜனவரியில் பத்திரிகைகள் இதை அம்பலப்படுத்தியதும் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னதோடு, இந்தத் தகவலை விளம்பரத்துக்கு விற்கவும் தடை விதித்தது. நார்ட்டன் 2021இல் தன் ஆன்டிவைரஸோடு கிரிப்டோ நாணயம் தோண்டும் வசதியைச் சேர்த்துக் கொடுத்தது. விரும்பியவர்கள் இயக்கிக்கொள்ளலாம், மின்சாரம் உங்களுடையது, கிடைப்பதில் 15 விழுக்காடு நிறுவனத்துக்கு. இதெல்லாம் பாதுகாப்பு என்ற பெயரில்தான் நடந்தது.

போதாததற்கு, அந்த நிரலிலேயே ஓட்டை இருந்தால்? 2016இல் கூகுளின் புராஜெக்ட் ஸீரோ ஆய்வாளர் டாவிஸ் ஆர்மண்டி, சிமான்டெக் ஆன்டிவைரஸின் மையப் பகுதியிலேயே படுமோசமான ஓட்டைகளைக் கண்டுபிடித்தார். ஒரு மின்னஞ்சல் வந்து சேர்ந்தாலே போதும், திறக்கக்கூடத் தேவையில்லை. ஆன்டிவைரஸ் அதைச் சோதிக்கப்போய்த் தானே மாட்டிக்கொள்ளும்.

"பேங்க்லேர்ந்து பேசறோம், இந்த ஆப்பை இன்ஸ்டால் பண்ணுங்க" என்று தொலைவிலிருந்து திரையைப் பார்க்கும் நிரலைப் போடவைத்துப் பணத்தைச் சுருட்டுகிறார்களே, அங்கே ஆன்டிவைரஸ் வாயே திறக்காது. அப்படிப் போடவைக்கும் எனிடெஸ்க் முறையான மென்பொருள், போட்டவர் கணினியின் சொந்தக்காரர், அது என்ன செய்யும்? 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இது பற்றி எச்சரித்துவிட்டது. வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டோடு மூலையில் மின்னிக்கொண்டிருக்கும் வைஃபை ரவுட்டரும் ஆன்டிவைரஸின் பார்வையில் படாது. 2016இல் மிராய் என்ற தீநிரல், அறுபத்துச் சொச்சம் ஆலைப் பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான ரவுட்டர்களையும் கேமராக்களையும் பிடித்தது.

ஆன்டிவைரஸே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். விண்டோஸோடு சேர்ந்தே வரும் டிஃபெண்டர் இருக்கிறது. வீட்டுக்கு அது போதும். அதை ஆஃப் செய்யச் சொல்லும் எதையும் இன்ஸ்டால் செய்யாமல் இருந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதிப் பாதியில் முக்கியமானது எவரும் சொல்லித் தராத ஒன்று. புதுக் கணினியில் முதலில் உருவாகும் கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு. அதிலேயேதான் எல்லோரும் ஆண்டுக்கணக்கில் பாட்டுக் கேட்கிறோம், மின்னஞ்சல் பார்க்கிறோம். அன்றாட வேலைக்கு 'ஸ்டாண்டர்ட்' கணக்கு ஒன்றைத் தனியாகத் தொடங்குங்கள். கணினியின் அடிப்படையை மாற்ற நினைக்கும் எந்த நிரலும் அட்மின் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். பத்து நிமிட வேலை, செலவு கிடையாது. இதெல்லாம் விவரம் தெரிந்தவர்களுக்குத்தான், வயதானவர்களுக்கு எப்படி என்பார்கள். உண்மையில் வயதானவர்களுக்குத்தான் இது அதிகம் உதவும். தாத்தா ஸ்டாண்டர்ட் கணக்கில் இருக்கட்டும், அட்மின் பாஸ்வேர்டு பேத்தியிடம் இருக்கட்டும். யாரோ போனில் எதையாவது போடச் சொன்னால் பல நேரம் நடுவில் பேத்திக்கு ஒரு போன் போட வேண்டிவருமே, அந்த இடைவெளியிலேயே பல மோசடிகள் தோற்றுவிடும்.

கோப்பு வகையைக் காட்டும் பின்னொட்டை விண்டோஸ் வழக்கமாக மறைத்தே வைக்கிறது. 2000 மே மாதம் உலகைச் சுற்றிய 'ஐ லவ் யூ' புழு, சாதாரண எழுத்துக் கோப்புபோலப் பெயர் வைத்துக்கொண்டு வந்தது இந்த மறைப்பை நம்பித்தான். கால் நூற்றாண்டாகியும் மைக்ரோசாஃப்ட் இதை மாற்றவில்லை. நாம் மாற்றலாம், ஒரு டிக் போட்டால் போதும். பிரவுசரில் விளம்பரத் தடுப்பான் போடுங்கள். 2022 டிசம்பரில் எஃப்பிஐயே மக்களுக்கு இதைப் பரிந்துரைத்தது, காரணம் தேடல் முடிவுகளின் உச்சியில் வரும் போலி டவுன்லோட் விளம்பரங்கள். பாஸ்வேர்டுகளை பிட்வார்டன், கீபாஸ் போன்ற ஒன்றில் வைத்து, தளத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள். தமிழில் தட்டச்சு செய்யக் கண்ட தளத்திலும் போய் எதையும் இறக்க வேண்டாம், விண்டோஸிலேயே தமிழ்99 இருக்கிறது. கணினியை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன், வட்டு என்கிரிப்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். விண்டோஸ் அமைப்புகளில் பிரைவசி பக்கத்துக்குப் போய் விளம்பர அடையாள எண்ணை அணைத்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒருநாள் தப்பு நடக்கலாம். ஸ்டாண்டர்ட் கணக்கில் இருந்தாலும் உங்கள் சொந்தப் போட்டோக்களைப் பூட்ட ஒரு தீநிரலுக்கு யார் அனுமதியும் தேவையில்லை. அங்கே காப்பாற்றுவது நகல் ஒன்றுதான். அதுவும் கணினியோடு எந்நேரமும் செருகியே வைத்திருக்கும் நகல் உதவாது, அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

"எங்க கம்ப்யூட்டர்ல அப்படி என்ன இருக்கு, எடுத்துட்டுப் போகட்டுமே" என்று சிலர் சிரிப்பார்கள். மகள் கல்யாண ஆல்பம் இருக்கிறது, பத்திரத்தின் ஸ்கேன் இருக்கிறது, நெட்பேங்கிங் பாஸ்வேர்டை பிரவுசர் நினைவில் வைத்திருக்கிறது. வான்னக்ரையும் டிஜேவியுவும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரவில்லை. கதவு திறந்திருந்தது, வந்தன.

ஆன்டிவைரஸ் ரினியூவல் என்று அடுத்த முறை போன் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். மாதம் ஒருமுறை போட்டோக்களை அதில் நகலெடுத்து, ஒயரைப் பிடுங்கி அலமாரியில் வையுங்கள்.